மரவட்டைத் தம்பதி இழுப்பறை சுமந்த கதை

மரவட்டைக்கும் மனிதருக்கும் பேச்சுவார்த்தை இருந்த அந்தக் காலத்தில், ஓர் ஆற்றங்கரையில் கொற்றி என்றொரு தச்சு வேலைக்காரி இருந்தாள். மூலைமட்டம் இல்லாத வெறுங்கையோடு அவளைப் பார்த்தவர் கிடையாது. சோற்றுப் பானையைக்கூட அடுப்பில் அளந்துதான் ஏற்றுவாள். எதையும் அளப்பாள், ஆனால் யாரையும் எதுவும் கேட்கமாட்டாள். அவளிடம் இருந்த ஒரே கோளாறு அதுதான்.

அந்தத் துறையில் ஓடிய ஒரே ஓடத்தைப் பழுது பார்ப்பது அவள் பொறுப்பு. முந்தைய வருஷம் வந்த முதல் வெள்ளத்தில் ஓடத்தின் அடிப்பலகை இளகிவிட்டது. கொட்டாப்புளியால் ஆப்பை நாலு அடி அடித்தால் தீர்ந்தது வேலை. ஆனால் அந்த மரச்சுத்தியல் எங்கே? பட்டறையில் உளியும் அரமும் வாளும் ஒரே குவியலாகக் கிடந்தன. கொற்றி அதைக் கிளறி எடுப்பதற்குள் ஓடம் பதினொரு ஆடுகளோடு தானாகவே பயணம் புறப்பட்டுவிட்டது. ஆடுகள் எப்படியோ கரையேறி நடந்தே வீடு வந்து சேர்ந்தன. ஓடம் வரவில்லை. கொற்றிதான் இன்னொன்று செய்து கொடுத்தாள். இனி ஒரு தடவை இப்படி நடந்தால் அக்கரையிலிருந்து வேறு ஆளைக் கூட்டிவந்துவிடுவோம் என்று ஓடக்காரர் தாண்டவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

கொற்றிக்குச் சுருக்கென்றது. அடுத்த மழைக்குள் பட்டறையை ஒழுங்குபண்ணியே தீருவதென்று ஆளுயர அலமாரி ஒன்று செய்தாள். அதன் நடுவில் இரண்டு முழ ஆழத்துக்கு ஓர் இழுப்பறை வைத்து, எல்லாக் கருவிகளையும் அதில் அடுக்கினாள். அழகாகத்தான் இருந்தது. இழுத்தால்தான் வரவில்லை. மரத்தோடு மரம் உரசி முரண்டு பிடித்தது. இழுப்பறையைச் சுமந்து வெளியே கொண்டுவந்து உள்ளே கொண்டுபோகிறவர் யாராக இருந்தாலும், மழைக்காலம் முழுக்க ஒழுகாத இந்த அலமாரிக்குள்ளேயே குடியிருக்கலாம் என்று அவள் அறிவித்தாள்.

முதலில் வந்தவை இரண்டு அணில்கள். பக்கத்துக்கு ஒன்றாக நின்றன. கொற்றி கைப்பிடியைத் தொட்டதுதான் தாமதம், இழுப்பறை பறந்துவந்து அவள் கால்மேல் விழுந்தது. அணில்கள் பாராட்டுக்காகக் காத்திருந்தன. அடுத்து நத்தைகள் வந்தன. சத்தமில்லை, குலுக்கலில்லை, வெண்ணெயாக வழுக்கியது இழுப்பறை. காலையில் கேட்ட உளி மட்டும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கைக்குக் கிடைத்தது. நண்டுகளோ இழுப்பறையைப் பக்கவாட்டில்தான் கொண்டுபோவோம் என்று அடம்பிடித்து அலமாரியையே பிளக்கப் பார்த்தன.

கடைசியாக ஒரு மரவட்டை ஜோடி வந்தது. அந்தக் காலத்து மரவட்டைகள் ஒரு முழ நீளம் இருக்கும். மாப்பிள்ளை நெட்டையன், கருகருவென்று இருந்தான். பெண் செவந்தி, பேருக்கேற்ற சிவப்பு. கல்யாணமாகி இரண்டே நாள் ஆகியிருந்தது. உறவுக்கூட்டம்கூட இன்னும் கலையாமல் பட்டறைக்குப் பின்னால் விறகடியில்தான் தங்கியிருந்தது. மழை வந்தால் அங்கே தண்ணீர் ஏறிவிடும், புதுக்குடித்தனம் வைக்க நனையாத ஓர் இடம் வேண்டும் என்றார்கள்.

கொற்றி இருவரையும் அளந்தாள். நூல் பிசகாமல் ஒரே நீளம். சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. நெட்டையனை வலப்பக்கம் படுக்கவைத்தாள், செவந்தியை இடப்பக்கம் படுக்கவைத்தாள், நடுவில் இழுப்பறையை ஏற்றினாள். நூறு நூறு கால்கள் அலையலையாக நகர, அத்தனை பாரத்தோடும் இழுப்பறை சர்ரென்று வெளியே வந்தது. அதற்குமேல் போனால் முன்பக்கம் சாய்ந்துவிடும் என்று பாதியிலேயே பிடித்து நிறுத்தினார்கள். பாதி போதும் என்று கொற்றியும் விட்டுவிட்டாள். அடிக்கடி வேண்டியவற்றை முன்னால் வைத்தாள். வெள்ளத்துக்கு மட்டுமே வேண்டிய கொட்டாப்புளி பின்மூலைக்குப் போயிற்று.

இரண்டு நாள் எல்லாம் நன்றாக நடந்தது. மூன்றாம் நாள் இழுப்பறை கோணிக்கொண்டு மாட்டியது. கொற்றி மூலைமட்டம் வைத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது. மரம்தான் ஊதியிருக்கும் என்று நினைத்து, காலையெல்லாம் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, இழுப்பறையைக் கழற்றி, பக்கப்பலகையை இழைத்து மாட்டினாள். மறுநாள் மறுபடியும் மாட்டியது. மறுபடியும் கழற்றினாள், இழைத்தாள். இப்படியே ஏழு தடவை ஆயிற்று. பலகை அப்பளமாக மெலிந்துவிட்டது. இழைக்கும் நேரத்தில் காலி அலமாரிக்குள்ளிருந்து மெல்லச் சிரிப்புச் சத்தம் கேட்டதை அவள் கவனித்தாள். ஆனால் என்னவென்று கேட்கவில்லை.

ஏழாம் தடவை இழைத்த மறுநாள் மழை வந்தது. ஆற்றில் செம்மண் தண்ணீர் புரண்டது. தாண்டவன் நனைந்துகொண்டே ஓடிவந்து, பலகை இளகிவிட்டதென்றும், ஓடத்தில் பதிமூன்று ஆடுகள் நிற்கின்றன என்றும், கயிறு இன்னும் கொஞ்ச நேரம்தான் தாங்கும் என்றும் சொன்னார். கொற்றி இழுப்பறையை இழுத்தாள். அது ஒரு சாண் வந்து மாட்டிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அசையவில்லை. மண்டியிட்டு, இடுக்கு வழியாக உள்ளே பார்த்து, வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்களுக்கு என்னதான்மா குறை? இப்பவாவது சொல்லுங்களேன்."

வாக்குக் கொடுத்த நெட்டையன் குறை சொல்ல வெட்கப்பட்டான். செவந்திதான் பேசினாள்.

"கல்யாணமான மூணாம் நாளே எங்களை ஆளுக்கொரு பக்கம் போட்டுட்டீங்கக்கா. நடுவுல உங்க சாமான் சுவர் மாதிரி நிக்குது. இழுப்பறை மாட்டினா நீங்க கழட்டுவீங்க. கழட்டினாத்தான் நான் இவரு முகத்தைப் பார்க்க முடியுது. அதான் தினமும் இறுக்கிப் பிடிச்சேன். தப்புத்தான்."

கொற்றியின் கையிலிருந்த மூலைமட்டம் தரையில் விழுந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அளவு பார்த்த பாவி, ஆளைப் பார்க்கலையே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். செவந்தி உடனே பிடியை விட்டாள். இழுப்பறை பாதிவரை வந்தது. ஆனால் கொட்டாப்புளி பின்மூலையில் இருந்தது, கை எட்டவில்லை. எல்லாவற்றையும் எடுத்துவைத்துக் கழற்ற நேரமும் இல்லை.

"அக்கா, அவரை எடுத்து என் முதுகுல ஏத்திவிடுங்க" என்றாள் செவந்தி. "நான் போற தூரம் நான் போறேன். அங்கேருந்து மிச்சத்தை அவரு போவாரு. வலப்பக்கத்துக்கு அவரோட அண்ணனும் அண்ணியும் விறகடியில இருக்காங்க, ஒரு குரல் குடுத்தா வந்துருவாங்க."

கொற்றி அளக்கவில்லை. பக்கத்தில் கிடந்த ஒரு கட்டையை இழுப்பறைக்கு அடியில் முட்டுக்கொடுத்துவிட்டு, நெட்டையனை இரு கையாலும் தூக்கிச் செவந்தியின் முதுகில் வைத்தாள். குரல் கேட்டு வந்த அண்ணனும் அண்ணியும் அதே மாதிரி வலப்பக்கம் ஏறிக்கொண்டார்கள். பிறகு கைப்பிடியைத் தொட்டாள். கீழே இருந்தவர்கள் தங்கள் நீளத்துக்கு ஊர்ந்தார்கள், அவர்கள் முதுகில் மேலே இருந்தவர்கள் இன்னொரு நீளம் ஊர்ந்தார்கள். இழுப்பறை இரண்டு முழமும் வெளியே வந்து, சாயாமல் குலுங்காமல் அந்தரத்தில் நின்றது. பின்மூலையில் கொட்டாப்புளி, எடுத்துக்கொள் என்கிற மாதிரி கிடந்தது. கொற்றி அதை எடுத்துக்கொண்டு மழையில் பாய்ந்தாள்.

நாலு அடியில் பலகை இறுகிவிட்டது. பதிமூன்று ஆடுகளும் தங்களுக்கு என்ன நடக்கவிருந்தது என்றே தெரியாமல் அசைபோட்டுக்கொண்டு இறங்கின. அக்கரை ஆளைப் பற்றித் தாண்டவன் அதற்குப் பிறகு பேச்செடுக்கவே இல்லை. அந்த மழை ஓய்வதற்குள் கொற்றி இன்னும் மூன்று இழுப்பறைகள் செய்து, விறகடியில் இருந்த கல்யாணக் கூட்டம் மொத்தத்தையும் ஜோடி ஜோடியாகக் குடிவைத்தாள். ஒவ்வொரு ஜோடியிடமும் முதலில் சௌகரியம் கேட்டாள், அப்புறம்தான் அளந்தாள். எல்லோரும் குடியேறிய அன்றிரவு நெட்டையன் மனைவியின் முதுகில் படுத்தபடி, இனி மழை விழுந்தால் நம் சனத்தில் யாரும் தனித்தனியே போகக்கூடாது, தனியே கண்டால்தானே பிரித்துப் போடுகிறார்கள் என்று சொல்லிவைத்தான்.

இப்போது தச்சர்கள் இழுப்பறை வழுக்கி ஓட இரண்டு பக்கமும் இரும்புத் தண்டுகள் கொண்ட சேனல் மாட்டுகிறார்கள். இழுத்துப் பாருங்கள், அதிலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறித்தான் ஓடும். முதல் மழை விழுந்ததும் மரவட்டைகள் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக்கொண்டு போவது அன்று முதல்தான். விரல் பட்டதும் அவை சட்டென்று சுருண்டுகொள்வதும் அன்று முதல்தான்: இந்தக் கை நம்மைத் தூக்கி அந்தப் பக்கம் மாட்டிவிடுமோ என்று இன்னும் பயம்.