கல்லுப்புத் தூவிய இறக்கை

நாற்பது வருஷம் ரயில் ஓட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்த தேவசகாயம், அறுபத்துமூன்றாவது வயதில் ஒரு வாத்தியாரைத் தேடிக்கொண்டார். வாத்தியாருக்கு வயது முப்பத்திரண்டு. பெயர் தாஹிரா. ஆம்பூரில் தோலுக்குச் சாயம் கலக்குகிறவரின் மகள். ஜோலார்பேட்டைக்குக் கல்யாணமாகி வந்தபோது அந்தச் சாயத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டாள். ரப்பரை முறுக்கிப் பறக்கவிடுகிற சின்ன விமானங்களுக்கு அதைக் கொண்டு நிறம் கட்டுவாள். அந்த விமானம் செய்யக் கற்றுக்கொள்ளத்தான் அவர் அவளிடம் போனார்.

தக்கை மாதிரி லேசான குச்சியில் ஒரு கூடு. அதன்மேல் பூண்டுத் தோல் மாதிரி மெல்லிசுத் தாள். விமானம் என்றால் அவ்வளவுதான்.

அவர் அவளை வாத்தியாரம்மா என்பார். அவள் அவரை டிரைவரய்யா என்பாள்.

ஒரு நாள் அவர் கேட்டார்.

"வாத்தியாரம்மா, கண்ணு மங்கினவங்களுக்கு எந்த நிறம் நல்லாத் தெரியும்?"

"யாருக்குக் கேக்குறீங்க?"

"எஸ்தருக்குத்தான்." எஸ்தர் அவர் மனைவி. "டாக்டர் கையை விரிச்சிட்டார். கிறிஸ்துமஸ் வரைக்கும் ஏதோ கொஞ்சம் வெளிச்சம் இருக்குமாம். அதுக்கப்புறம் அதுவும் இல்லையாம்."

தாஹிரா குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தாள்.

"'நீங்க ஓட்டின ரயிலை நான் ஒரு நாளும் பாத்ததில்ல, ஹாரன் சத்தத்தைக் கேட்டுத்தான் சோறு வடிச்சேன். இந்த விமானத்தையாவது காட்டுங்க'ன்னு சொல்றா. இத்தனை வருஷத்துல அவ வாயைத் திறந்து கேட்டது இது ஒண்ணுதான்."

தாஹிரா டீ கிளாசைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"நீங்களே ஒண்ணு பண்ணிக் கொண்டாங்க" என்றாள்.

பதினைந்து நாளில் கொண்டுவந்தார். கடையில் வாங்கிய பெயிண்ட். சிவப்பு, அதன்மேல் மஞ்சள், ஓரமெல்லாம் வெள்ளி, போதாததற்கு மறுபடியும் சிவப்பு.

"மாதா கோயில் சப்பரம் மாதிரி ஜொலிக்குதே" என்றாள் தாஹிரா. அவருக்கு முகமெல்லாம் பல்.

"எத்தனை தடவை பூசினீங்க?"

"அஞ்சு தடவை. கண்ணுல அடிக்கணுமில்ல?"

வாசலில் நின்று முறுக்கி விட்டார். நாலடி போய் மூக்குக் குப்புற விழுந்தது. மறுபடி விட்டார். மறுபடியும் அதே நாலடி.

"அஞ்சு சட்டையை ஒண்ணு மேல ஒண்ணாப் போட்டுக்கிட்டு நீங்க எஞ்சின்ல ஏறியிருப்பீங்களா, டிரைவரய்யா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "நாள் போய்க்கிட்டே இருக்கும்மா. எந்த நிறம்னு கேட்டேன். அதுக்கு ஒரு பதில் சொல்லுங்க."

"தாளைக் கிழிங்க."

கிழித்தார்.

தாஹிரா ஒரு கண்ணாடிப் பலகையை எடுத்து வைத்து, புதுத் தாளை அதன்மேல் விரித்து நனைத்தாள். அவர் கையில் ஒரு கோழி இறகைக் கொடுத்தாள். "சும்மா தொடுங்க. தேய்க்காதீங்க. அது தானாப் போகும்."

ஒரு பக்கம் சிவப்பைத் தொட்டார். மறுபக்கம் மஞ்சள். இரண்டும் ஈரத்தில் நகர்ந்து நடுவில் சந்தித்துக்கொண்டன. அவள் அடுப்படிக்குப் போய் ஒரு பிடி கல்லுப்பு கொண்டுவந்து அதன்மேல் தூவினாள்.

"உப்பு எதுக்கும்மா?"

"எங்க வீட்ல தோலுக்கும் உப்பு, சோத்துக்கும் உப்பு. இதுக்கு மட்டும் என்ன குறை?"

ஒவ்வொரு கல்லும் தன்னைச் சுற்றியிருந்த சாயத்தை இழுத்துக்கொண்டது. காய்ந்ததும் உப்பைத் தட்டிவிட்டார்கள். தாள் முழுக்கக் காசு அகலத்துக்குப் பூக்கள். கஞ்சிப் பசை தடவிக் கூட்டின்மேல் ஒட்டி, வாயில் தண்ணீர் வைத்துப் பூந்தூறலாக ஊதினாள். காயக் காயத் தாள் இழுத்துக்கொண்டு, விரலால் சுண்டினால் 'டங்' என்றது.

தேவசகாயம் இறக்கையைத் தூக்கிப் பார்த்தார். அதன் வழியே சுவர் காலண்டரில் தேதி தெரிந்தது. முகம் சுண்டிப்போனது.

"கண்ணு நல்லா இருக்கிற எனக்கே இது தெரியலையேம்மா. வெயிலெல்லாம் உள்ள புகுந்து போயிருதே. அவளுக்கு எப்படித் தெரியும்?"

"எஸ்தரக்காகிட்ட வெள்ளைப் புடவை இருக்கா?"

"கல்யாணப் புடவை இருக்கு. ஏன்?"

"ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சதும் அதைக் கட்டிக்கிட்டு மைதானத்துக்கு வரச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை. பத்து மணி வெயில். ரயில்வே மைதானத்தின் நடுவில் ஒரு நாற்காலி. அதில் வெள்ளைப் புடவையில் எஸ்தர்.

"இந்த வயசுல என்னைப் பொண்ணா உக்கார வெச்சிட்டியே தாயி. மாப்பிள்ளை எங்க, ஓடிட்டாரா?"

"ரப்பர் முறுக்கிக்கிட்டு இருக்கார்க்கா."

"மேல பாத்தா எனக்குக் கண்ணு கூசுதும்மா. தண்ணியாக் கொட்டுது."

"மேல பாக்க வேணாம்க்கா. உங்க மடியைப் பாருங்க."

தேவசகாயம் விட்டார். விமானம் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே எழும்பி, மெல்லச் சாய்ந்து, நாற்காலியைச் சுற்றி வட்டமடித்தது. அவர் வாயைப் பிளந்து அண்ணாந்து பார்த்தபடி அதன் பின்னாலேயே ஓடினார். விழுந்துவிடுமோ, விழுந்துவிடுமோ என்று இரண்டு கையையும் ஏந்திக்கொண்டார்.

முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"ஐயோ, செவப்பு! தாயி, செவப்பு ஓடுது... இந்தா மஞ்சள்! பூப்பூவா என் மடி மேல போகுதே!"

அவர் திரும்புவதற்குள், இறக்கை வழியே வெயிலில் விழுந்த நிறம் மடியைத் தாண்டிப் புல்லில் இறங்கிவிட்டது. எஸ்தர் மடியில் கையைப் பொத்தி வைத்திருந்தாள், எதையோ பிடித்துவிட்டவள் மாதிரி. தலை குனிந்தே இருந்தது.

விமானத்தைப் பொறுக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தார்.

"வாத்தியாரம்மா, பாத்துட்டாளா?"

"பாத்துட்டாங்க."

"அப்போ அவ முகம் எப்படி இருந்துச்சு?"

தாஹிரா அவரையே பார்த்தாள்.

"நான் பாக்கலையேம்மா" என்றார். "இதுக்குப் பின்னாலேயே ஓடிட்டேன்."

அவள் அவர் கையிலிருந்து விமானத்தை வாங்கி, ஒரு விரலால் ரப்பரை முறுக்க ஆரம்பித்தாள்.

"இந்தத் தடவை வண்டியை நான் எடுக்கறேன், டிரைவரய்யா. நீங்க இறங்கிப் போய் அக்கா பக்கத்துல உக்காருங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியோரம் புல்லில் போய் உட்கார்ந்தார். எஸ்தர் தடவிப் பார்த்து, முந்தானையை எடுத்து அவர் முழங்கால் மேல் விரித்தாள்.

"அண்ணாந்து பாக்காதீங்க" என்றாள்.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.