வாலைத் தொலைத்த தோல்பை

முன்னொரு காலத்தில், கடலுக்கும் கரைக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகாத காலத்தில், சங்குத்துறை என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அந்தக் காலமே வேறு. நண்டைப் பார்த்து மாமா என்று கூப்பிடலாம். அதுவும் நின்று, "என்ன மருமகளே?" என்று கேட்கும். இப்போது நண்டைப் பார்த்தால் நமக்கு மிளகுதான் ஞாபகம் வருகிறது. என்ன செய்வது, நாம் அப்படி ஆகிவிட்டோம்.

அந்தத் துறையில் நாகமுத்து என்று ஒருவன் சங்கு குளித்து வந்தான். அவன் இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருக்கும். மறுமுனையைத் தோணியிலிருந்து பிடிப்பவள் அவன் மனைவி பவளாயி. மற்றத் தோணிகளில் எல்லாம் மனைவியின் அண்ணனோ தம்பியோதான் கயிறு பிடிப்பார்கள். கூடப்பிறந்தவளின் தாலிக்காகவாவது பிடியை விடமாட்டான் என்று ஒரு கணக்கு. பவளாயிக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. ஊர் சிரித்தபோது அவள், "யார் தாலியோ அவங்களே பிடிச்சா இன்னும் நல்லதுதானே?" என்று கேட்டாள்.

ஒருநாள் காலை அவள் கயிற்றை இழுத்தாள். கயிறு வந்தது, ஆள் வரவில்லை. அதற்குப் பதிலாகத் தண்ணீரைப் பிளந்துகொண்டு பச்சைப் பாசி படர்ந்த ஒரு தலை வந்தது. கடல் மந்திரவாதி பாசிமுடியான்.

"உன் புருஷன் என் குகை வாசல்ல இருந்த வலம்புரிச் சங்கைத் தொட்டான். அதான் அவனைத் தோல்பையா மாத்தி அதோ அந்தப் பாறையில உட்கார வச்சிட்டேன்" என்றான்.

பவளாயி பாறையைப் பார்த்தாள். அவன் காட்டிய இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு தோல்பை ஒட்டிக்கொண்டிருந்தது. தலை இல்லை, கை இல்லை, கால் இல்லை. மேலே இரண்டு துளைகள் மட்டும். "மச்சான்!" என்று அவள் தொட்டதும், அது அவள் முகத்தில் பீச்சென்று தண்ணீர் அடித்தது. பக்கத்தில் அதே மாதிரி இன்னும் பத்துப் பன்னிரண்டு பைகள் இருந்தன. அவை பிறவியிலேயே பைகள்.

"அவரைத் திருப்பிக் கொடு!"

"கடல் சட்டம் தெரியாதா உனக்கு? கடல்ல பெரிய வீடு மூணு. ஓட்டு வீடு, கணுக்கால் வீடு, முதுகெலும்பு வீடு. எந்த வீட்டுக்காரராவது வந்து 'இது எங்க ஆளு'ன்னு சொன்னா நான் விட்டுடணும். யாரும் உறவு சொல்லாதது எனக்குச் சொந்தம். மூணாம் நாள் உச்சிவெயில் வரைக்கும் பார்க்கிறேன். அதுக்குள்ள அவன் மூளையும் கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சிரும். உட்கார்ந்த இடத்துக்கே சோறு வந்தா மூளை எதுக்கு?"

அதென்னவோ உண்மைதான். நமக்குத் தெரிந்தவர்களிலேயே சிலர் இருக்கிறார்கள்.

முதல் நாள் அவள் ஓட்டு வீட்டுக்குப் போனாள். கிழட்டு முத்துச்சிப்பி ஒன்று கதவைத் திறந்தது. பாறைக்கு வந்து பையைப் பார்த்தது. "ஓடு எங்கே? எங்க வீட்டு ஆளில்லை, தாயீ" என்று கதவைச் சாத்திக்கொண்டது.

இரண்டாம் நாள் கணுக்கால் வீடு. நண்டு மாமா கண்ணை நீட்டி நீட்டிப் பார்த்தது. "கால் எங்கே? காலில் கணு எங்கே? எங்க வீட்டு ஆளில்லை, மருமகளே" என்று பக்கவாட்டில் நழுவிவிட்டது.

மூன்றாம் நாள் விடியலில் முதுகெலும்பு வீடு. மீனும் தவளையும் பறவையும் மாடும் மனிதனும் எல்லாம் அந்த வீடுதான். அங்கே பெரியவள் ஒரு கடல்பசு. கன்றை அணைத்தபடி வந்து பையை மூக்கால் தடவினாள்.

"முதுகு எங்கேடி தங்கச்சி?"

"இது என் புருஷன், அக்கா!"

"புருஷனா இருந்தவன், தங்கச்சி. இப்போ இருக்கிறதைத்தானே நான் பார்க்க முடியும்? எங்க வீட்டு ஆளில்லை" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுக் கடற்புல் மேயப் போய்விட்டாள்.

மூன்று கதவும் மூடின. பவளாயி பாறையில் உட்கார்ந்து அழுதாள். அவன் மூச்சுப்பிடித்து மூழ்குவதும், சிரித்துக்கொண்டே மேலே வருவதும், ஈரத்தலையை அவள் முந்தானையில் துவட்டுவதும் ஒவ்வொன்றாக நினைவில் வந்தன. ஏதோ போன ஜென்மத்தில் நடந்த மாதிரி இருந்தது.

வெயில் ஏறத் தொடங்கியது. அப்போது பக்கத்துப் பை ஒன்று, பிறவிப் பை, தன் குஞ்சுகளை வெளியே விட்டது. பவளாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

குஞ்சு பை மாதிரியே இல்லை! சின்னத் தலை, நீண்ட வால், ஒரு கறுப்புப் பொட்டாகக் கண். துள்ளித் துள்ளி நீந்தியது. ஊர்க்குளத்தில் மழைக்காலத்தில் பார்க்கிற தலைப்பிரட்டையேதான்! அதன் உடம்பு கண்ணாடி போல இருந்ததால் உள்ளே இருப்பதும் தெரிந்தது. வால் முழுக்க, முதுகுப் பக்கமாக, ஒரு மெல்லிய தண்டு ஓடியது.

கொஞ்ச நேரம் நீந்திய அந்தக் குஞ்சு பாறையில் தலையை முட்டி ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான். வால் சுருங்கியது, தண்டு கரைந்தது, கண் மறைந்தது. வாலோடு இருந்த சின்ன வயது அதற்கு இனி நினைவுகூட இருக்காது. பவளாயிக்கு நெஞ்சு வலித்தது. வலித்த கையோடு புத்தியும் வேலை செய்தது.

நதிமூலம் ரிஷிமூலம் கேட்கக் கூடாது என்பார்கள். புருஷனுக்கு ஆபத்து என்றால் கேட்டுத்தான் ஆகவேண்டும். இன்னொரு குஞ்சைக் காலிச் சிப்பியில் தண்ணீரோடு ஏந்திக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கடல்பசுவைத் தேடி ஓடினாள். இதுவும் எங்கேயாவது தலையை ஒட்டிக்கொண்டால் தீர்ந்தது கதை. "ஒட்டாதே கண்ணு, இன்னும் கொஞ்ச நேரம் நீந்து" என்று வழியெல்லாம் கெஞ்சினாள்.

"அக்கா! இந்தப் பையோட பிள்ளையைப் பாருங்க. ஆளை வளர்ந்த பிறகு பார்த்தீங்க. பிறந்தப்போ பார்க்கலையே!"

கடல்பசு பார்த்தாள். வாலைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், தண்டைப் பார்த்தாள். அவள் மேய்வதே நின்றுவிட்டது.

"இது... என் பிள்ளை வயித்துக்குள்ள சின்னதா இருந்தப்போ, எலும்பு வர்றதுக்கு முன்னாடி, முதுகில இப்படித்தான் ஒரு தண்டு இருந்தது" என்றாள். அந்தக் காலத்துத் தாய்மார்களுக்குத் தங்கள் வயிற்றுக்குள் நடப்பது தெரியும், நம்புங்கள். "எத்தனை வருஷமா இந்தப் பாறையைத் தாண்டிப் போறேன்! ஒரு வார்த்தை நலம் விசாரிச்சதில்லையே!" என்று கன்றை இன்னும் இறுக்கிக்கொண்டு அழுதாள்.

சூரியன் உச்சிக்கு வர ஒரு முழம் இருக்கும்போது இருவரும் பாறைக்கு வந்து சேர்ந்தார்கள். பாசிமுடியான் காத்திருந்தான்.

"இவங்க எல்லாரும் எங்க வீட்டு ஆளுங்க" என்றாள் கடல்பசு.

"முதுகெலும்பு எங்கே?" என்று சிரித்தான் அவன்.

"எலும்பு பிறகு வந்தது. தண்டு முதல்ல வந்தது. மீனுக்கும் அதுதான், எனக்கும் அதுதான். உங்கம்மா வயித்துல உனக்கும் அதுதான்."

மந்திரவாதியின் கை தானாகத் தன் முதுகைத் தடவிப் பார்த்தது. சிரிப்பு நின்றது. சட்டம் சட்டம்தானே. கையைத் தட்டினான். தோல்பை வெடித்து, நாகமுத்து தண்ணீரில் விழுந்து எழுந்தான்.

"மச்சான்!" என்று பவளாயி அவனைக் கட்டிக்கொண்டாள்.

அவன் கூச்சத்தோடு விலகினான். "நீ யாரும்மா?" என்றான்.

"உடம்பைக் கொடுத்துட்டேன். கரைஞ்சது கரைஞ்சதுதான்" என்று சொல்லிவிட்டுப் பாசிமுடியான் மூழ்கிப்போனான்.

அவள் இடத்தில் வேறு யாராவது இருந்தால் இடிந்து உட்கார்ந்திருப்பார்கள். பவளாயி அவனை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். தங்கள் கதையை ஆதியிலிருந்து சொல்லத் தொடங்கினாள். முதல் நாள், துறைமுகத்தில் தாங்கள் பார்த்துக்கொண்டதைச் சொன்னாள். விருந்தாளி மாதிரி கேட்டுக்கொண்டான். இரண்டாம் நாள், அவன் பெண் பார்க்க வந்ததைச் சொன்னாள். "அப்படியா" என்றான். அன்று அவள் தனியாகப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

மூன்றாம் நாள் கல்யாணத்தைச் சொன்னாள். கதை சொல்பவர்கள் எல்லாருக்கும் உள்ள கெட்ட பழக்கம் அவளுக்கும் உண்டு. "ஊரே பார்க்குது. மாலையைக் கீழே போட்டுட்டு நீ முழிச்ச முழி இருக்கே..."

"நானா?" நாகமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தான். "நானா போட்டேன்? பொய் சொல்லாதேடி பவளா! மாலையைக் கீழே போட்டவ நீ. குனிஞ்சு எடுத்துக் கொடுத்தவன் நான்."

பவளாயி சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

"ஆமா மச்சான். நான்தான் போட்டேன்" என்றாள்.

அந்தப் பாறை இன்னும் இருக்கிறதாம். கடல்பசுக்கள் அந்தப் பக்கம் போனால் பைகளிடம், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்காமல் போவதில்லையாம். அவர்கள் கடலில் சுகம், கதை கேட்ட நாம் கரையில் சுகம்.