காய்ச்சல்காரக் கிளி

அச்சு மெஷின்களின் வரலாறு எழுதக் கிளம்பிய அருளப்பனுக்கு அறுபது வயது. சிவகாசியில் பழைய மெஷின்களைச் சேர்த்துக் காட்சிக்கூடம் வைத்திருந்த பொற்கொடி அவரைவிட இருபது வயது இளையவள். இருந்தும் வந்த அன்றே அவளை 'டீச்சர்' என்று கூப்பிட்டு, மாணவராக உட்கார்ந்துவிட்டார் மனிதர்.

அச்சடிக்குமுன் ஒரு தாள் எடுத்து வாடிக்கையாளரிடம் காட்டுவார்கள். அதுதான் புரூஃப். அதை எடுக்கும் மெஷின்கள் இரண்டு அங்கே இருந்தன. ஒன்று ஊரெல்லாம் கிடைப்பது. ஒரு வர்ணம் காய்ந்த பிறகே அடுத்ததை அடிக்கும். மற்றது நாலு வர்ணத்தையும் ஈரத்தின் மேல் ஈரமாக ஒரே ஓட்டத்தில் அடிக்கும். அப்படியொன்றை அருளப்பன் வேறெங்கும் பார்த்ததில்லை. கூடத்தில் ஒன்றுக்குத்தான் இடம். எதை வைப்பது என்ற முடிவை டீச்சர் அவரிடமே விட்டிருந்தாள். வாசலில் பழைய இரும்புக்கடை வண்டி நின்றது.

அருளப்பன் இரண்டிலும் ஒரே கிளிப் படத்தை அடித்து நீட்டினார்.

“பாருங்க டீச்சர். ஒரு வர்ண மெஷின்ல பச்சை கண்ணைப் பறிக்குது. நாலு வர்ண மெஷின்ல கிளி காய்ச்சல்ல கிடந்து எந்திரிச்ச மாதிரி இருக்கு. இதைப் போய் என்னத்துக்குச் செஞ்சாங்க? எடைக்குப் போட்டுடலாம்.”

“போட்டுடலாம் அண்ணாச்சி. வண்டிக்காரரைச் சாப்பிட்டுட்டு வரச் சொல்லுங்க.”

அவர் சொல்லிவிட்டு வந்தபோது பொற்கொடி கிளிப் படத்தின் அதே அச்சுக் கட்டைகளைப் பெரிய மெஷினில் பூட்டிக்கொண்டிருந்தாள். ஆயிரக்கணக்கில் காலண்டர் அடிக்கும் மெஷின் அது. ஓட ஆரம்பித்தால் மை காய்வதற்கெல்லாம் காத்திருக்காது. கொஞ்ச நேரம் ஓட்டினாள். வந்ததில் ஒரு தாளை உருவி, இரண்டு புரூஃபுக்கும் நடுவில் வைத்தாள்.

அதிலும் காய்ச்சல்காரக் கிளிதான் இருந்தது.

அருளப்பன் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“அழகான கிளியைக் காட்டி ஆர்டர் வாங்கியிருந்தா, சரக்கு போய்ச் சேர்ந்த அன்னைக்கே சண்டை வந்திருக்கும்” என்றார்.



அவர் வாசலுக்குப் போய், ஒரு வர்ண மெஷினை ஏற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டுத் திரும்பினார். ஆனாலும் மனசு ஆறவில்லை.

“இவ்வளவு உண்மையான மெஷினை ஏன் டீச்சர் யாரும் வாங்கலை?”

பொற்கொடி விரலில் ஒட்டிய மையைத் துணியில் துடைத்தாள்.

“வாங்க வந்தவங்களும் இந்த முதல் ரெண்டு தாளைத்தான் பார்த்தாங்க, அண்ணாச்சி.”