நண்டு தேடும் ஒரு பிடி மணல்

அந்தக் காலத்தில் நண்டும் நாரையும் மனிதரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தன. அப்போதெல்லாம் நண்டுக்கு மணலை உருட்டத் தெரியாது. அதன் வேலை படம் வரைவது. கடல் உள்வாங்கி, ஈரமணல் பலகை மாதிரிக் கிடக்கும் நேரமாகப் பார்த்துப் போய், என்ன வேண்டும் என்று சொன்னால் போதும். தோணி என்றால் தோணி. சுறா என்றால் சுறா.

அது வரைகிற விதமே தனி. கண்களை உள்ளே இழுத்துக்கொண்டு, கொடுக்கால் ஒரு பிடி மணலை அள்ளி வீசும். பிறகு கண்ணை வெளியே நீட்டி, மணல் எப்படி எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்கும். மேகத்தில் நாம் யானையைப் பார்க்கிறோம் அல்லவா, அப்படித்தான். கேட்டவர் சொன்ன உருவம் அந்தச் சிதறலுக்குள் லேசாகத் தெரியும். வேண்டாத மணலை ஒதுக்கி ஒதுக்கி அதை வெளியே கொண்டுவந்துவிடும். “சொன்னது பாதி, விழுந்தது பாதி” என்பது நண்டின் பேச்சு. அதனால் பத்துப் பேர் ஒரே தோணியைக் கேட்டால் பத்துத் தோணி வரும். யாரும் குறை சொன்னதில்லை. அலை வந்து அழித்தால் மறுநாள் வேறொரு தோணி, அவ்வளவுதானே.

அந்தக் கரையில் உலகாயி என்று ஒருத்தி கருவாடு காயவைத்துப் பிழைத்துவந்தாள். மகள் செவந்தி ஆறு மாதம் வயிற்றில் இருந்தபோது, உலகாயியின் புருஷன் கட்டுமரத்தில் போனவன் திரும்பவில்லை. பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. செவந்திக்குக் கல்யாணம் கூடிவந்தது. தாலி ஏறுவதற்கு முன்னால் பெண் தாய் தகப்பன் காலில் விழ வேண்டும். தகப்பன் இல்லையென்றால் அவன் முகத்தை மணலில் வரைந்து, அதன் முன்னால் விழ வேண்டும். அந்தக் குப்பத்து வழக்கம் அது. செவந்தி தகப்பனைப் பார்த்ததே இல்லை. அவள் ஆசைப்பட்டுக் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

உலகாயிக்கு உள்ளுக்குள் வேறொரு பயம். அந்த முகம் அவளுக்கே கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டுவந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கல்யாணத்தன்று காலையில் கடல் உள்வாங்கியதும் நண்டு வளைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். உச்சிப்பொழுதுக்குள் கடல் திரும்பிவிடும். நண்டு ஆளின் பேரைக் கேட்டது. புருஷன் பேரைச் சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. “செவந்தி அப்பா” என்றாள். நண்டு சிரித்துக்கொண்டே, உலகத்தில் பாதிப் பேர் யாருக்காவது அப்பாதான், அடையாளம் சொல்லுங்கள் அக்கா என்றது.

அகலமான நெற்றி என்றாள். நண்டு மணலை வீசியது. வந்த முகத்தைப் பார்த்து, இது என் கொழுந்தனாரு, அந்த ஆள் பந்தலில்தான் இருக்கார் என்றாள். இடது புருவத்தில் தூண்டில் கிழித்த தழும்பு என்று சேர்த்தாள். இரண்டாவது பிடியில் தழும்பு வந்தது, ஆள் வரவில்லை. அவளுக்குப் பதற்றம். தெற்றுப்பல், சுருட்டை முடி, கழுத்தில் மச்சம், நீளமான மூக்கு என்று நினைவில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். நண்டு ஒன்றையும் விடாமல் வரைந்தது. எல்லாமே இருந்தன. ஆனால் சந்தையில் கூறு கட்டி வைத்த மாதிரி பல் தனியாக, மூக்கு தனியாக இருந்தது. உயிர் இல்லை.

“அக்கா, நீங்க சொல்லச் சொல்ல மணலுக்குப் பேச இடமே இல்லாமப் போகுது. கொஞ்சமாச் சொல்லுங்க” என்றது நண்டு.

உலகாயி கடல் பக்கம் திரும்பினாள். பிறகு, “கடலுக்குப் போறப்ப ஒரு தடவ திரும்பிப் பார்ப்பாரு. அந்த முகம்” என்றாள்.

நண்டு வீசியது. ஒதுக்கியது. ஒதுக்க ஒதுக்க உலகாயி குனிந்து பார்த்தாள். அவன்தான். தழும்பு இருந்தது, தெற்றுப்பல் இருந்தது, அவள் சொல்ல மறந்த கன்னத்துக் குழிகூட இருந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முந்தின விடியற்காலை அப்படியே மணலில் கிடந்தது. கட்டுமரத்தின் ஈரவாடைகூட அவளுக்கு அடித்தது.

ஒரே ஒரு குறை. காது கொஞ்சம் பெரிது.

மகள் பார்க்கப்போகிற முகமாயிற்றே, ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. “காது மட்டும் கொஞ்சம் சின்னதா இருக்கட்டும்” என்றாள்.

நண்டுக்குத் தெரிந்தது ஒரே முறைதான். சரி அக்கா என்று சொல்லி, மணலைத் துடைத்தது. கண்ணை உள்ளே இழுத்தது. புதுப் பிடி ஒன்றை அள்ளி வீசியது.

காது சின்னதாகத்தான் வந்தது. முகம் வேறு யாருடையதோ.

உலகாயி கத்தவில்லை. முன்னே வந்ததையே மறுபடி வரைந்து தரும்படி மெதுவாகக் கேட்டாள். நண்டு ஏழு தடவை வீசிப் பார்த்தது. அதே சொல்தான். ஏழும் வேறு வேறு ஆட்கள். ஏழையும் துடைத்துவிட்டது.

“சொன்னது உங்ககிட்ட இருக்கு அக்கா. விழுந்தது எங்கிட்ட இல்ல. எந்தப் பிடின்னு நான் பாத்து வைக்கலியே” என்று நண்டு தலையைத் தொங்கப்போட்டது.

அதற்குள் செவந்தி பட்டுச்சேலையோடு ஓடிவந்துவிட்டாள். கடலும் திரும்ப ஆரம்பித்திருந்தது. அப்பா எங்கே என்று கேட்டாள். உலகாயி துடைத்த மணலைக் காட்டி, நடந்ததைச் சொன்னாள். இப்பத்தான் இருந்தாரு, நான்தான் தொலைச்சுட்டேன் என்றாள்.

செவந்தி அந்த வெற்று மணலைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பதினெட்டு வருசமா வராதவரு இன்னைக்கு வந்துட்டுத்தானேம்மா போயிருக்காரு” என்று சொல்லி, அந்த இடத்திலேயே விழுந்து கும்பிட்டாள். நெற்றியில் ஒட்டிய மணலைத் தட்டிவிடாமலே போய்த் தாலி கட்டிக்கொண்டாள்.

நண்டுக்குத்தான் மனசு ஆறவில்லை. அந்த ஒரு பிடி இந்தக் கரையில்தானே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தது. கொஞ்சம் மணலை எடுத்துப் பார்க்கும். இது இல்லை என்று தெரிந்ததும், பார்த்ததையே திரும்பப் பார்க்காமல் இருக்கச் சின்ன உருண்டையாக உருட்டி ஓரமாக வைக்கும். வளையைச் சுற்றி வரிசை வரிசையாக உருண்டைகள் சேரும். அலை வந்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் போகும். மறுபடி முதலிலிருந்து.

எத்தனையோ காலம் கழித்து, சொன்னதை வரைகிற இயந்திரம் ஒன்றை மனிதர்கள் செய்தார்களாம். அதுவும் முதலில் புள்ளி புள்ளியாகத் தூவிவிட்டு, அதற்குள்ளிருந்துதான் படத்தை எடுக்கும். அவர்கள் நண்டிடம் யோசனை கேட்க வந்தார்கள். உருட்டுவதை நிறுத்தாமலே நண்டு சொன்னது: “தூவுற ஒவ்வொரு பிடிக்கும் ஒரு எண் வச்சிருங்க. அதே எண், அதே சொல்லுன்னா அதே முகம் வரும். காதை மட்டும் மாத்தணும்னாலும் அந்தப் பிடியைத் தொலைக்காம மாத்திப் பாக்கலாம். எனக்கு அன்னைக்கு அது தோணல.”

அன்று முதல்தான் அந்த இயந்திரம் தான் வரைகிற ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறது. நண்டு மட்டும், எண் வைக்காமல் விட்ட அந்த ஒரு பிடியை, இன்றைக்கும் கடல் உள்வாங்கும்போதெல்லாம் உருட்டி உருட்டித் தேடிக்கொண்டிருக்கிறது.