பன்னிரண்டு மணிக்கு

தெய்வநாயகம் கணினி வேலையில் பழம் தின்று கொட்டை போட்டுவிட்டு ஆசிரமத்துக்கு வந்தவர். எல்லோரும் ‘அம்மா’ என்று அழைக்கும் குரு வடிவம்மாளைவிட வயதில் மூத்தவர். ஆசிரமத்தின் இணையதளம் அவர் பொறுப்பு.

அம்மாவின் பேச்சுகளைப் பக்கம் பக்கமாக ஏற்றினார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஆசிரமத்துக்கு வருகிற வழியையும், ‘மதியம் பந்தி பன்னிரண்டு மணிக்கு’ என்பதையும் கையாலேயே அடித்து வைத்தார்.

ஒருநாள் கேட்டார்: “அம்மா, தளத்தை ஒழுங்குபண்ணணும். எதைப் பேச்சோட சேர்த்து எழுதறது, எதைத் தனியா எடுத்து ஒரே இடத்துல வைக்கிறது?”

அம்மா சமையற்காரரைக் கூப்பிட்டு, நாளை முதல் பந்தி பதினொரு மணிக்கு என்றார்.

தெய்வநாயகம் பொழுது சாயும்வரை உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திருத்தினார். அப்படியும் ஒன்று தப்பிவிட்டது.

மறுநாள் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, வெயிலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். கைப்பேசியில் தளத்தின் பக்கத்தைக் காட்டினாள். பந்தி பன்னிரண்டு என்றே இருந்தது. அம்மா அதுவரை சாப்பிடாமல் இருந்தார். தம் பங்குச் சோற்றை எடுத்து இருவருக்கும் பரிமாறினார். பிள்ளை அள்ளி அள்ளித் தின்றதைப் பார்க்கத் தெய்வநாயகத்துக்கு வெட்கமாக இருந்தது.

இனி ஒருவர்கூடப் பசியோடு நிற்கக் கூடாது என்று அன்றே உட்கார்ந்தார். தளத்தில் ‘பன்னிரண்டு மணிக்கு’ என்று எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் ‘பதினொரு மணிக்கு’ என்று ஒரே தட்டலில் மாற்றினார். நிம்மதியாக அம்மாவிடம் போய்ச் சொன்னார்.

அம்மா தம் குருவைப் பற்றிய பேச்சை வாசிக்கச் சொன்னார்.

“அன்று பதினொரு மணிக்கு, என் கையைப் பிடித்தபடியே என் குரு கண்ணை மூடினார்.”

தெய்வநாயகம் வாசித்து நிறுத்தினார்.

“ஒரு மணி நேரம் முந்தியே அனுப்பிட்டீங்களே ஐயா,” என்று அம்மா சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

“ரெண்டு இடத்துலயும் ஒரே வார்த்தைதான் அம்மா. எது எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?”

“நாளைக்குச் சமையற்காரருக்குக் காய்ச்சல் வந்தா பந்தி ஒரு மணி நேரம் தள்ளிப்போகும்,” என்றார் அம்மா. “என் குரு இன்னும் ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போவாரா?”