சம்பாவின் சலாம்

“எனக்குன்னு இந்த உலகத்துல ஒரு யானை மட்டும்தாம்மா இருக்கு,” என்றார் மாசானம்.

ஆற்றங்கரை மடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த குயிலம்மை நிமிரவில்லை. வயதில் அவர் மாசானத்துக்குத் தங்கை மாதிரி. ஆனாலும் குரு குருதான். மாசானம் தரையில்தான் உட்காருவார்.

சர்க்கஸில் யானை பழக்கினவர் மாசானம். விலங்குகளை வைத்து வித்தை காட்டக் கூடாது என்று சட்டம் வந்ததும் சம்பாவை லாரியில் ஏற்றி எங்கோ ஒரு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதன் பிறகு அவருக்கு லாட்ஜ் அறை, பரோட்டாக் கடை, மறுபடியும் லாட்ஜ் அறை. சாப்பிட்டியா என்று கேட்க நாதி கிடையாது. ஊர் ஊராகக் கைதட்டல் வாங்கின மனுஷனுக்கு இப்படி ஒரு பாடு.

நேற்றுதான் முகாமைத் தேடிப் பிடித்துப் போயிருக்கிறார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த சம்பா, இவரைக் கண்டதும் முன்னங்காலை உயர்த்தி, தும்பிக்கையைத் தூக்கிச் சலாம் வைத்தாளாம். மூட்டு வீங்கிப்போன கிழவி. இத்தனை வருஷம் கழித்தும் மறக்கவில்லை. இவர் வேலியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதிருக்கிறார். நேரமாகிவிட்டது என்று காவலாளிதான் தோளைத் தட்டி வெளியே கூட்டிவந்தானாம்.

“வாசல்ல நின்னு திரும்பிப் பார்த்தேன். அப்பவும் தூக்கின கால் தூக்கினபடியே நிக்கிறா. பெத்த பிள்ளைகூட இப்படிப் பாசம் வைக்காதும்மா.”

குயிலம்மை கீரையை முறத்தில் அள்ளினார்.

“கையைத் தூக்குங்க ஐயா.”

மாசானம் வலது கையைத் தூக்கினார்.

அம்மை முறத்தோடு உள்ளே போய்விட்டார். அடுப்படியில் தாளிக்கிற சத்தம் கேட்டது.

இப்போது வருவார், அப்போது வருவார் என்று மாசானம் பார்த்துக்கொண்டிருந்தார். குரு சொன்னதாயிற்றே. தோள் கடுத்தது. விரல்கள் மரத்துப்போயின. தன்னந்தனியாக ஒரு காலிக் கூடத்தில் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவருக்கே வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது.

ஒருவழியாக அம்மை வந்தார். இலை போட்டார், சோறு வைத்தார், எதிரே உட்கார்ந்தார். கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“எப்பம்மா இறக்கட்டும்? நீங்க சொல்லவே இல்லையே.”

தன் கேள்வி தன் காதில் விழுந்ததும் மாசானத்துக்கு முகம் வெளுத்துவிட்டது.

சர்க்கஸ் கூடாரத்தில் அதுதான் வழக்கம். சலாம் வைத்த யானை, பழக்கினவர் ‘போதும்’ என்று சொல்லும்வரை காலைக் கீழே வைக்கக் கூடாது. வைத்தால் என்ன நடக்கும் என்பதை அவரே அங்குசத்தால் சம்பாவுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்.

“சாப்பிடுங்க, ஆறுது,” என்றார் குயிலம்மை.

மாசானம் எழுந்துவிட்டார். செருப்பைத் தேடினார், அகப்படவில்லை, வெறுங்காலோடு பஸ்ஸுக்கு ஓடினார்.

“நேத்து நான் சொல்லாம வந்துட்டேனே!”