குனியாத நண்டு

மீனும் ஆமையும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், நண்டு நேராகத்தான் நடந்தது.

மலையிலிருந்து இறங்கிய ஓடை ஒன்று ஏரியை நிரப்பிவந்தது. ஒரு கோடையில் ஓடை மெலிந்தது. குறுக்கே மண்கரை எழுப்பச் சொன்னது முதலை. "எல்லாருக்கும் சேர்த்துத்தான் தேக்குகிறேன்" என்றது. நண்டுகள் நம்பி மண் சுமந்தன. கரை எழும்பியதும் முதலை தண்ணீருக்குள் படுத்துக்கொண்டது. கீழே ஏரி வறண்டு வெடித்தது.

அதன்பின் தண்ணீர் வேண்டுமென்றால் முதலையின் முன்னே குனிய வேண்டும். ஒரு சிப்பித் தண்ணீர் கிடைக்கும். திரும்பும்போது முதுகைக் காட்டக் கூடாது. குனிந்தபடியே பின்னால் நடக்க வேண்டும். முறையை மேற்பார்க்கத் தவளை இருந்தது.

வயிற்றுக்கடியில் குஞ்சுகளைச் சுமந்து ஒரு தாய் நண்டு வந்தது. கிடைத்த சிப்பித் தண்ணீரில் பாதிக் குஞ்சுகள்தான் நனைந்தன. மீதி துவண்டு கிடந்தன.

"ஐயா, இன்னும் ஒரு சிப்பி."

"இன்னொரு தடவை குனி" என்றது தவளை.

பக்கத்தில் நின்ற ஆமை கிசுகிசுத்தது. "குனிந்துவிடு தாயி. நான் கழுத்தையே உள்ளே இழுத்துக்கொண்டேன், பார்."

"உனக்கு இழுக்கக் கழுத்தாவது இருக்கிறது அக்கா."

முதலை ஒரு கண்ணைத் திறந்தது. "என் உடம்பு பெரிது. எனக்கு நிறைய வேண்டும்."

"நீங்கள் நனைய நாலு முழம் போதும் ஐயா. மீதி நாற்பது முழம்?"

"அது நாளைக்கு."

"என் பிள்ளைகளுக்கு இன்றைக்கே இல்லையே."

நண்டு குனியவில்லை. முதுகைக் காட்டி ஓடவும் இல்லை. முதலையின் கண்ணையே பார்த்தபடி, கொடுக்குகளைத் தூக்கிக்கொண்டு, கரையோரமாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. நகர்ந்த இடமெல்லாம் கால்களால் கரையைக் குடைந்தது.

தவளை பதறியது. "ஐயா! இது வருகிறதா, போகிறதா? இப்படிப் போவதற்கு நம்மிடம் சட்டமே இல்லையே!"

சட்டம் போடுவதற்குள் மற்ற நண்டுகளும் வந்துவிட்டன. கரை எங்கே இளக்கம் என்று மண் சுமந்தவர்களுக்குத் தெரியாதா? முதலை பாய்ந்து தாய் நண்டின் ஒரு கொடுக்கைக் கடித்துப் பிடுங்கியது.

"பிடுங்கிக்கொள். முளைக்கும்" என்றது நண்டு.

கரை உடைந்தது. ஏரிக்குள் பாய்ந்த தண்ணீரில் துவண்ட குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காலை அசைத்தன.

அன்று முதல்தான் நண்டு பக்கவாட்டில் நடக்கிறது. யார் எங்கே கரை கட்டினாலும், முதல் ஆளாக வந்து அதில் ஒரு வளை தோண்டிப் பார்க்கிறது.